வசந்தி வாசலில் சொன்னது

படச்சுருளைத் திரும்பச் சுற்றுவது பார்ப்பதற்குச் சுலபமான வேலை. ஒரு மேஜை, அதன் இரண்டு ஓரங்களிலும் இரண்டு இரும்புத் தண்டுகள், வலது தண்டில் ஒரு கைப்பிடி. சினிமாக் கொட்டகை மிஷினில் ஓடி முடித்த படம் கீழ்ச் சக்கரத்தில் போய்ச் சேரும்போது கடைசிக் காட்சி வெளியேயும் முதல் காட்சி உள்ளேயும் இருக்கும். அதை அப்படியே அடுத்த ஆட்டத்துக்கு மாட்ட முடியாது. இடது தண்டில் போட்டு, நுனியை வலது பக்கத்துக் காலிச் சக்கரத்தில் செருகி, கைப்பிடியைச் சுழற்றி, முதல் காட்சியை வெளியே கொண்டுவர வேண்டும். சுழற்றும்போது இடது கையின் இரண்டு விரல்கள் படத்தின் ஓரங்களைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எங்காவது ஓரம் கிழிந்திருந்தால் விரலில் முள் போலத் தட்டும். தட்டிய இடத்தில் நிறுத்தி, வெட்டி, ஒட்டிவிட வேண்டும். இல்லையென்றால் ஆட்டத்தின் நடுவில் அறுந்து, ஆண்கள் பக்கத்திலிருந்து விசில் பறக்கும்.

மரகதத்துக்கு இதெல்லாம் கைவந்துவிட்டது. உண்மையில் அவள் வேலை பெண்கள் பக்கத்து டிக்கெட் கவுண்டரும் கதவும்தான். ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் ரோட்டோரம் இருந்த அந்தக் கொட்டகைக்கு அவள் வந்தது, புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்த வருஷம். டிக்கெட் கிழித்து முடித்துக் கதவைச் சாத்திய பிறகு சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று ஆப்ரேட்டர் ரகுபதி அவளை மேலே மிஷின் ரூமுக்குக் கூப்பிட்டு ரீல் சுற்றக் கற்றுக்கொடுத்தார். அறுந்தால் ஒட்டவும் கற்றுக்கொடுத்தார். ஒரு பக்கத்து ஓரத்தை பிளேடால் சுரண்டி, பிலிம் சிமெண்ட் என்கிற பசையைத் தடவி, மறுபக்கத்தை அதன் மேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஐப்பசியில் ஓடிக்கொண்டிருந்த படம் ‘வசந்தியின் வாசல்’. மே மாதம் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு ஊரில் காக்கிச் சட்டைகள் குறையவில்லை, இரவு ஆட்டத்துக்குக் கூட்டம் வருவதும் நின்றிருந்தது. கொட்டகையைக் காப்பாற்றியது வசந்திதான். வெள்ளிக்கிழமை பகல் ஆட்டம் பெண்களுக்கு மட்டும் என்று முதலாளி தட்டி வைத்ததும், பிள்ளைப்பாக்கத்திலிருந்தும் சேரப்பணஞ்சேரியிலிருந்தும் பெண்கள் கூட்டம் கூட்டமாக பஸ் பிடித்து வந்தார்கள். போஸ்டரில் வசந்தி கையில் பெட்டியோடு ஒரு வாசற்படியைத் தாண்டிக்கொண்டிருந்தாள். மேலே, ‘பெண்ணினமே, இனி உன் காலம்’ என்று சிவப்பு எழுத்து. வாரப் பத்திரிகைகளெல்லாம் புகழ்ந்திருந்தன.

வசந்தியைக் கட்டியவன் குடிகாரன். அடிப்பான். இடைவேளை வரைக்கும் அடிப்பான். பெல்ட்டால் ஒருமுறை, கதவில் மோத வைத்து ஒருமுறை, கர்ப்பமாக இருக்கும்போது ஒருமுறை. வசந்தி அழுவாள், எழுந்து சமைப்பாள். இடைவேளைக்குப் பிறகு அவன் இன்னொருத்தியை வீட்டுக்கே கூட்டிவருகிறான். அப்போதுதான் வசந்தி நிமிர்கிறாள். முதலில் அந்த இன்னொருத்தியின் கன்னத்தில் ஓர் அறை விடுகிறாள். படத்திலேயே ஒரு பெண் கை ஓங்கும் இடம் அது ஒன்றுதான். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று திரும்பி, புருஷனைப் பார்த்துச் சொல்கிறாள்:

“அடிச்சீங்க… பொறுத்துக்கிட்டேன். பட்டினி போட்டீங்க… பொறுத்துக்கிட்டேன். அதெல்லாம் ஒரு புருஷனோட உரிமை. ஆனா, இன்னொருத்தியத் தொட்ட கை இனிமே என்னைத் தொடக் கூடாது!”

‘ஆனா’ என்னும்போது வலது கை விரலை நீட்டுவாள். கொட்டகை கிடுகிடுக்கும். படத்தின் வசனம் கேசட்டாகவும் வந்திருந்ததால், டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் அதைத்தான் போட்டார்கள். பாட்டு மனப்பாடமாவது போல் பெண்களுக்கு அந்த வசனம் மனப்பாடமாகியிருந்தது. வசந்தி வாயைத் திறந்தால் அவர்களும் திறப்பார்கள்.

மரகதத்துக்கும் முதல் வாரம் அந்த இடத்தில் மயிர்க்கூச்செறிந்தது. இரண்டாவது வாரம் அவள் தங்கச்சி சசிகலா வந்து சேர்ந்தாள்.

சசியைச் சேரப்பணஞ்சேரியில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை திருமலை ஒரு கம்பெனியில் ஹெல்பர். குடிக்கமாட்டான், பீடிகூடக் கிடையாது. அடிப்பது மட்டும்தான். சோறு ஆறிப்போனால், பதில் சொல்லத் தாமதமானால், ஷிப்டில் சூப்பர்வைசர் திட்டியிருந்தால். இந்த முறை முன்பல் பாதி போயிருந்தது. ஒரு துணிப்பையோடு பிள்ளைப்பாக்கம் வந்து அக்காள் வீட்டில் படுத்தவள், நாலு நாள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டே இருந்தாள்.

“இந்த வாட்டி போகமாட்டேன்க்கா,” என்றாள். மரகதம் அதை நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சு வைத்தார்கள். திருமலையின் அம்மா கோவிந்தம்மா வந்தாள், திருமலை தலையைக் குனிந்துகொண்டு வந்தான். பிள்ளைப்பாக்கம் பக்கத்துக்குப் பெரியப்பா உட்கார்ந்தார். சசியின் பல்லைப் பார்த்து அவரும் உச்சுக்கொட்டத்தான் செய்தார். கோவிந்தம்மா அதைப் பொருட்படுத்தவில்லை.

“எம் புள்ள அடிச்சது தப்புதான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கறேன். அவனுக்கு வேற சகவாசம் கீதா? எவளையாச்சும் இட்டுகினு வந்து வூட்ல வச்சானா? சொல்லச் சொல்லு உங்க பொண்ண.”

சசி தலையை ஆட்டினாள். இல்லை.

“அந்த வசந்தியே இன்னா சொல்றா? அடிச்சத பொறுத்துகினேன்றா. படிச்ச பொண்ணு. பத்திரிகைல எல்லாம் போட்டுகீறான், பொம்பளைங்க நாயத்த சொன்ன படம்னு. அவளே பொறுத்துகினா. இவ இன்னா அவளவிட ஒசத்தியா?”

பெரியப்பா தொடையைத் தட்டினார். “நாயமான பேச்சு. பொம்பள நாயமே அதான்னு சினிமாவுலயே சொல்லிட்டான். நாம அதுக்கு மேல இன்னா சொல்றது?”

மரகதம் குறுக்கே பேசினாள். “அது சினிமா பெரிப்பா. அந்தம்மாவுக்கு பல்லு ஒடையல.”

“நீ சும்மா இரும்மா மரகதம்,” என்றாள் கோவிந்தம்மா. “டிக்கெட் கிழிக்கிறவ, டெய்லி அந்தப் படத்த பாக்கறே. உனுக்கு ஒண்ணும் ஏறல. புருஷன் இல்லாத வூட்ல குந்திகினு இவளும் கெட்டுப் போவணுமா?”

கடைசியில் பேச்சு இப்படி முடிந்தது: தீபாவளிக்கு முன்னால் சசி ஒரு முடிவு சொல்ல வேண்டும். கோவிந்தம்மாவே ஒரு யோசனையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை லேடீஸ் ஆட்டத்துக்கு சசி வரட்டும், தானும் வருகிறாள், இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். பார்த்துவிட்டு அவளே சொல்லட்டும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

அன்று சாயங்காலம் அடுப்பெதிரில் சசி மெதுவாகக் கேட்டாள். “அக்கா, அவருக்கு வேற தொடுப்பு எதுவும் இல்லதான்க்கா.”

“அதனால?”

“இல்ல, சும்மா சொன்னேன்.”

அந்தச் ‘சும்மா’வில்தான் மரகதம் பயந்தாள். போகமாட்டேன் என்று வந்தவள் இப்போது காரணம் தேடுகிறாள். அந்த வசனம் ஓர் அளவுகோல் மாதிரி அவள் கையில் வந்து உட்கார்ந்துவிட்டது. வேறொருத்தி இருந்தால் வெளியே வரலாம், இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை ரீல் சுற்றிக்கொண்டே ரகுபதியிடம் கேட்டாள். “இந்த வசனத்த எழுதனது யாருண்ணே?”

“ஏன், நல்லா இல்லியா? இது பொம்பளைங்களுக்காவ எடுத்த படம் மரகதம். இவ்ளோ தைரியமா எவனும் எடுத்ததில்ல.”

“அடிக்கறது உரிமைன்னு சொல்றதா தைரியம்?”

“அது ஒரு பேச்சுக்கு. கடைசியில வூட்ட வுட்டு வர்றாளா இல்லியா? அத பாரு.”

“வர்றதுக்கு அவளுக்கு இன்னொருத்தி வேண்டிகீது. அந்த இன்னொருத்தியத்தான் அறையறா. அடிச்சவன அறையல.”

ரகுபதி மிஷின் விளக்கின் கார்பன் குச்சிகளை மாற்றிக்கொண்டே சிரித்தார். “புருஷன அறைஞ்சா ஆம்பள எவன் டிக்கெட் எடுப்பான்? ரெண்டு பக்கமும் கவுண்டர் ஓடணுமில்ல?”

அவர் கெட்டவர் இல்லை. தெரிந்ததைச் சொன்னார். ஆனால் அந்தப் பதிலில்தான் மரகதத்துக்கு யோசனை வந்தது. சசி பார்க்கப்போவது போஸ்டரில் இருக்கும் வசந்தியாக இருந்தால் போதுமே. பெட்டியோடு வாசலைத் தாண்டுகிற வசந்தி. பொறுத்துக்கொண்ட கணக்கைச் சொல்லாத வசந்தி. அந்தத் துண்டு மட்டும் இல்லாவிட்டால் என்ன? கைப்பிடியைச் சுற்றி, விரலில் தட்டியது என்று நிறுத்தி, வெட்டி ஒட்டுவதை அவள் எத்தனையோ முறை செய்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை ரகுபதி டீ குடிக்கப் போனபோது கடைசி ரீலை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கட்டம் கட்டமாகத் தேடினாள். ஒரு நொடி ஓட இருபத்துநாலு கட்டம் வேண்டும். ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் வித்தியாசமே தெரியாது. வாசலில் வசந்தி திரும்புகிறாள், மூடிய வாய், மூடிய வாய், பிறகு உதடு பிரிகிற முதல் கட்டம். அங்கே நகத்தால் கீறினாள். அங்கிருந்து கீழே போனாள். வாய் திறந்து மூடித் திறந்து, ஒரு கட்டத்தில் வலது கை விரல் எழும்புகிறது. அது ‘ஆனா’. அங்கேயும் கீறினாள். இரண்டு கீறல்களுக்கும் நடுவில் இருந்ததை வெட்டி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, இரண்டு முனைகளையும் ஒட்டினாள்.

அவளுக்கு ஒன்று தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் வந்ததில்லை. படத்தின் ஓரத்தில் நெளிநெளியாக ஒரு கோடு ஓடுகிறதே, அதுதான் சத்தம். மிஷினில் படம் முதலில் வெளிச்சத்தின் முன்னால் போகும். அதைத் தாண்டிக் கீழே இறங்கிய பிறகுதான் சத்தத்தைப் படிக்கும் இடம் வரும். ஒரே சமயத்தில் வாயும் பேச்சும் சேர வேண்டுமானால், ஒரு கட்டத்துக்கு உரிய சத்தத்தை அந்தக் கட்டத்தின் பக்கத்திலேயே அச்சடிக்க முடியாது. ஏறக்குறைய ஒரு முழம் முன்னால், ஏற்கெனவே கீழே இறங்கிவிட்ட பகுதியில் அச்சடித்திருப்பார்கள். அறுந்துபோன இடத்தில் ஒன்றிரண்டு கட்டம் போனால் இது யாருக்கும் தெரியவராது. ஒரு வசனத்தையே வெட்டினால் தெரியும். மரகதம் வெட்டியது வசந்தியின் வாயை. பேச்சின் முதல் சொல் ஒரு முழம் முன்னால், வெட்டுப்படாமல், படத்திலேயே இருந்தது.

பகல் ஆட்டத்துக்குக் கொட்டகை நிரம்பி வழிந்தது. லேடீஸ் ஆட்டத்தில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்பதில்லை. நடுவிலிருந்த இடுப்பளவுச் சுவரின் மேலேயும் பெண்கள் குழந்தைகளோடு ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கோவிந்தம்மா சசியைப் பெஞ்சின் நடுவில் உட்கார வைத்து, முறுக்குப் பொட்டலத்தை அவள் மடியில் வைத்தாள். திருமலை வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் நின்றான். அக்காளின் கையிலிருந்து டிக்கெட்டின் பாதியை வாங்கும்போது சசி சிரிக்கப் பார்த்து, பல் நினைவு வந்து வாயை மூடிக்கொண்டாள்.

மரகதம் மேலே போகவில்லை. கதவுக்கு உள்பக்கம் சுவரோரம் நின்றாள். அங்கிருந்து திரையும் தெரிந்தது, சசியின் முகத்தில் ஒரு பக்கமும் தெரிந்தது. பெல்ட் அடியில் பெண்கள் அழுதார்கள். கதவில் மோதுகிற இடத்தில் ஒருத்தி எழுந்து நின்று அவனை நாறடித்துத் திட்டினாள். படத்தில் அந்த இன்னொருத்தி வாங்கிய அறைக்குக் கைதட்டினார்கள். கடைசி ரீல் வந்தது. வசந்தி பெட்டியை எடுத்தாள். வாசலுக்கு நடந்தாள். திரும்பினாள்.

படம் ஒரு குதி குதித்தது. வசந்தியின் விரல் சடாரென்று நீண்டு நின்றது. அந்த நீட்டிய விரலோடு, புருஷனின் முகத்துக்கு நேராக, அவள் குரல் வந்தது:

“அடிச்சீங்க!”

நீட்டிய விரலும் அந்த ஒரு சொல்லும். பொறுத்துக்கொண்டது இல்லை, உரிமை இல்லை, இன்னொருத்தி இல்லை. அடிச்சீங்க, அதற்காகத்தான் போகிறேன் என்று ஒருத்தி வாசலில் நின்று சொல்வது போல இருந்தது. அப்படி யாரும் எழுதவில்லை, யாரும் எடுக்கவில்லை. தப்பாக வெட்டியதில் தானாக வந்து விழுந்தது. ஒரு நொடிகூட இல்லை. சசியின் தலை சட்டென்று நிமிர்ந்ததை மரகதம் பார்த்தாள்.

திரையில் வசந்தி அதற்குள் “இன்னொருத்தியத் தொட்ட கை” என்று பாதியிலிருந்து பேசிக்கொண்டு போனாள். அது யார் காதிலும் விழவில்லை. ‘அடிச்சீங்க’ என்பதைக் கேட்டதும் கொட்டகை தன் வழக்கப்படி வாயைத் திறந்துவிட்டது.

“பொறுத்துக்கிட்டேன்!”

அத்தனை பெண்களும். சுவரின் மேல் இருந்தவர்களும், பின்னால் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளும். படம் முன்னால் ஓடிப்போனதை அவர்கள் சட்டை செய்யவில்லை. “பட்டினி போட்டீங்க, பொறுத்துக்கிட்டேன்! அதெல்லாம் ஒரு புருஷனோட உரிமை!” மரகதம் வெட்டி முந்தானையில் முடிந்துவைத்திருந்த ஒவ்வொரு சொல்லையும் ராகத்தோடு, இடைவெளியோடு, ஒன்று விடாமல் சொன்னார்கள். “ஆனா!” என்று நூறு விரல்கள் எழும்பின. அப்போது திரையில் வசந்தி தெருவில் பாதி தூரம் போய்விட்டிருந்தாள்.

மரகதம் சசியைப் பார்த்தாள். சசியின் வாயும் அசைந்தது. மூடிக்கொள்ள மறந்திருந்தாள், உடைந்த பல் தெரிந்தது.

“யோவ் ஆப்ரேட்டரு!” என்று முன்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். “முக்கியமான எடத்தையே முழுங்கிட்டியேய்யா! அத பாக்கத்தானே வந்தோம்!”

“திருப்பிப் போடுய்யா!” என்று இன்னும் பல குரல்கள். கோவிந்தம்மாவின் குரலும் அதில் இருந்தது.

ஆட்டம் விட்டதும் கதவருகில் சசி நின்றாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் இரண்டடி தள்ளி நின்று முறுக்கின் மிச்சத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

“படம் எங்கியோ குதிச்சுதுல்லக்கா?”

“ஆமா.”

“அவ வெரல நீட்டிகினு ‘அடிச்சீங்க’ன்னா பாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சுக்கா. அவ எனக்காவத்தான் பேசறான்னு…”

மரகதம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “அப்புறம்?”

“அப்புறம் இன்னா. எல்லாரும் சொன்னாங்க. நானும் சொல்லிட்டேன்.”

“நீ இன்னா சொல்ல நெனச்சே, சசி?”

சசி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். ஆனால் அந்த நொடியின் இடத்தில் இப்போது மற்றவர்களின் குரல்தான் இருந்தது. அதை விலக்கிவிட்டு உள்ளே பார்க்க அவளால் முடியவில்லை. “தெரியலக்கா,” என்றாள்.

“ஏம்மா, பஸ்ஸு வருது,” என்றாள் கோவிந்தம்மா. குரலில் கடுமை இல்லை, ஜெயித்தவள் குரல். “மரகதம், தீபாவளிக்கு நீயும் வா. ஒண்டியா குந்திகினு இன்னா பண்ணப் போறே?”

சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து திருமலை வந்து, யாரும் கேட்காமலே சசியின் துணிப்பையை வாங்கிக்கொண்டான். அந்தப் பையை அவள் காலையிலேயே கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பதை மரகதம் அப்போதுதான் கவனித்தாள். பெஞ்சுக்கு அடியில் வைத்திருந்திருப்பாள். பஸ் கிளம்பும்போது சசி ஜன்னலோரம் இருந்தாள். கையாட்டவில்லை. முந்தானையால் வாயை மூடியிருந்தாள்.

மேலே ரகுபதி ஒட்டு இருந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மரகதம் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் துண்டை மேஜையில் வைத்தாள்.

“படம் பெட்டியில வரும்போது இருந்த நீளத்துல திரும்பிப் போவணும்,” என்றார் ரகுபதி. “கம்மியாச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க. என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?”

“கேட்டா வெட்டிக் குடுத்திருப்பீங்களா?”

“மாட்டேன்.” ஒத்துக்கொண்டார். பிறகு, சொல்லிக்கொடுத்தே பழகிய கை என்பதால், துண்டை எடுத்து நெளிகோட்டைக் காட்டினார். “இங்க பாரு. இந்த வாய்க்கு இந்தச் சத்தம் இல்ல. இதுக்கு உண்டான சத்தம் ஒரு மொழம் முன்னாடி போயிடுச்சு. நீ வெட்டனது மொகத்த. சத்தத்த வெட்டணும்னா, இவ திரும்பறதுக்கு முன்னாடி, அந்த எடத்துலருந்து கத்தி வைக்கணும்.”

மரகதம் கவனமாகக் கேட்டாள். எந்த இடம் என்று விரல் வைத்தும் பார்த்தாள்.

“அங்க வெட்டியிருந்தா?”

“அந்த மொத வார்த்தகூட வந்திருக்காது.”

“வராட்டியும் கீழ இருந்தவங்க சொல்லியிருப்பாங்கண்ணே,” என்றாள்.

ரகுபதி பிலிம் சிமெண்ட் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். சாயங்கால ஆட்டத்துக்கு மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. அவள் பழைய ஒட்டை வெட்டி நீக்கினாள், ஓரத்தைச் சுரண்டினாள், சிமெண்டைத் தடவினாள், வசந்தியின் வாயை அது இருந்த இடத்திலேயே வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். மறுமுனையையும் அப்படியே. காய்ந்த பிறகு இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஒட்டு நன்றாகப் பிடித்திருந்தது.